சிவகாமி சுருதியை இறக்கிய காரணம்

சென்ற வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். நாயனக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஒலிபெருக்கி வைக்க வந்தவர், பல மாதங்களாகத் திறக்கப்படாத ஆம்ப்ளிபயர் ஒன்றை மேசைமேல் வைத்து விசையைப் போட்டார். அதன் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. அவற்றின்மேல் படிந்திருந்த தூசி கருகும் வாசனை, சந்தனத்தையும் மல்லிகையையும் தாண்டிக்கொண்டு என்னிடம் வந்தது. கையிலிருந்த வெற்றிலைத் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அழைத்தவர்கள் என்ன நினைத்தார்களோ, தெரியாது. பந்தி நடக்கும் முன் எழுந்து போவது என் வழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

எனக்கு அது உன் வீட்டுக் கூடத்தின் வாசனை. சனிக்கிழமை மாலையில் நீ விசையைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து எங்களைத் தடுத்தபடி, "பொறுங்க, பொறுங்க, குதிரை தண்ணி குடிக்கட்டும்" என்பாய். வால்வுகள் நன்றாகச் சூடேறும் வரை இசைத்தட்டின்மேல் முள்ளை வைக்கவோ, படச்சுருளை ஓட்டவோ யாரையும் விடமாட்டாய். அந்தச் சிறு பொழுதில் கூடம் முழுவதும் இந்த வாசனை பரவும். உன் முகத்தில் அப்போது இருந்த ஆவலை, பிறகு படம் ஓடும்போதுகூட நான் பார்த்ததில்லை.

நீ போய் இரண்டாம் ஆண்டுத் திதி சென்ற மாதம் முடிந்தது. அன்று உன் மனைவி சிவகாமி, நான் அவளுக்குக் கொடுத்திருந்த வாக்கு ஒன்றிலிருந்து என்னை விடுவித்தாள். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. உன்னிடம் சேர்க்கப்படாத ஒரு செய்தி என்னிடம் இருக்கிறது. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். வரிசை மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, நீதிமன்றம் கலைந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றாய். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த உன் ஐஸ் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாய். சட்டையில் எண்ணெய்க் கறை.

"கோர்ட்டாரே, ஒரு சாமான் வாங்கணும். படமும் காட்டணும், பாட்டும் பாடணும். ரெண்டையும் ஒழுங்கா செய்யணும். நீ வந்தாத்தான் வாங்குவேன்."

"நான் என்ன ரேடியோ மெக்கானிக்கா?"

"மெக்கானிக் எனக்கு எதுக்குலா? உன் காதுதான் வேணும். ஊரே கத்துற கோர்ட்டுல கூண்டுல நிக்கிறவன் முணுமுணுக்கிறதைப் பிடிச்சுத் துரைக்குச் சொல்ற காது."

பள்ளி நாளிலிருந்து நீ எனக்கு வைத்த பெயர்கள் பல. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக நான் பதவியேற்ற நாள் முதல் நிலைத்தது இந்த ஒன்றுதான்.

எதைச் செய்தாலும் அதற்கு விதி வகுத்துக்கொள்ளாமல் எனக்குக் கை ஓடாது. இதற்கும் வகுத்தேன். கடைக்காரர் போடும் இசைத்தட்டைக் கேட்கக் கூடாது. அது அந்தப் பெட்டிக்குப் பொருந்துவதாகத் தேர்ந்து வைத்த தட்டாக இருக்கும். நமக்கு மனப்பாடமான தட்டைக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவில் வைக்க வேண்டும், ஏனென்றால் சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் நன்றாகப் பாடுவதுபோல ஏமாற்றும். வெடிச்சத்தமும் குதிரைக் குளம்பொலியும் எந்தப் பெட்டியிலும் மிரட்டும்; அவற்றை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. மனிதக் குரலும் வீணையும் மிருதங்கமும் நேர்மையாக வந்தால் படத்தின் வசனம் தானாக நேர்மையாக வரும். வசனத்துக்கென்றே செய்த பெட்டியில் பாட்டு மெலிந்து போகும். ஆகவே பாட்டை வைத்துத் தேர்ந்தெடு, படம் பின்னால் வரும் என்றேன். நீ கைகட்டிக் கேட்டுவிட்டு, "தீர்ப்பு வாசிச்சாச்சா? கிளம்பலாமா?" என்றாய்.

பண்டார் ஹிலிர்ப் பக்கத்தில் இருந்த அந்த வானொலிக் கடைக்காரச் சீனருக்கு உன்னைக் கண்டதும் உற்சாகம். 'ஐஸ் தவுக்கே, ஐஸ் தவுக்கே' என்று முதலாளிக்குரிய மரியாதையோடு மலாயில் உபசரித்தபடி, புரொஜெக்டரோடு ஒரே பெட்டிக்குள் அடங்கிய ஒரு கருவியை எடுத்து வைத்தார். சிறிய ஸ்பீக்கர், பளபளக்கும் முகப்பு. நாம் கொண்டுபோன தட்டைப் போட்டார். ஒரு பெண் குரல், வீணை, மிருதங்கம். தகரத்தின்மேல் ஆணியை இழுத்ததுபோல் அந்தக் குரல் வந்தது. மிருதங்கம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

நீ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாய். "இதுதான்யா! ஒவ்வொரு எழுத்தும் வந்து விழுது பாரு!"

"பல் கூசுகிறது" என்றேன்.

"கூசுதா?"

"நிறுத்தச் சொல். காது வலிக்கிறது."

நீ கடைக்காரரைப் பார்த்தாய். வியாபாரம் கெடக் கூடாதென்று அவர் புன்னகைத்தாலும் ஒரு விரலைக் காதில் வைத்திருந்தார். உன் முகம் மாறியதை அப்போதுதான் கண்டேன். விலையைக்கூடக் கேட்காமல் வெளியே நடந்தாய்.

அடுத்திருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். காப்பியில் படிந்த ஆடையை நீ கரண்டியால் ஒதுக்கினாய்.

"எனக்குக் காதுல மேல்சத்தம், கீச்சுன்னு வர்றதெல்லாம், போயிக்கிட்டே இருக்குய்யா. டாக்டர் பாத்துட்டாரு. இத்தனை வருஷம் அந்த எஞ்சின் பக்கத்துல நின்னது. உள்ள நரம்பு செத்துப்போச்சாம். போனது வராது. மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமா போகும்னுட்டாரு."

"சிவகாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியக் கூடாது." கோப்பையை நகர்த்தி வைத்தாய். "தெரிஞ்சா அவ பாடுறதை நிறுத்திருவா."

அதைக் கேட்ட எவருக்கும் விளக்கம் வேண்டியிருக்கும்; எனக்கு வேண்டியிருக்கவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் ஆர்மோனியத்தின் ஒரு கட்டையை அழுத்தி, அது எழாதபடி தீக்குச்சி செருகிவிட்டு, அந்தச் சுருதியில் சிவகாமி ஒரே ஒரு பாட்டுப் பாடுவாள். சபையில் பாடியவள் அல்லள். கல்யாணமான புதிதில் நீ கேட்டாய் என்பதற்காகத் தொடங்கியது. நீ ஆலையிலிருந்து திரும்பி, குளித்து, கூடத்து நாற்காலியில் உட்காரும் வரை அவள் விளக்கைத் தூண்டமாட்டாள். ஊரில் இருந்த நாளெல்லாம் உனக்காக மட்டும் பாடப்பட்ட பாட்டு அது. நீ கேட்கவில்லை என்று தெரிந்தால் அவள் யாருக்குப் பாடுவாள்?

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். என் காதை நம்பி ஒண்ணு வாங்கினா, வீடே காதைப் பொத்திக்கும். ஏன் இப்படி வாங்கினீங்கன்னு அவ கேப்பா. உன் காதுக்குச் சரின்னா வாங்குவேன். இது உனக்கும் எனக்கும்தான். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். பிறர் செய்யும் சத்தியங்களை நாள்தோறும் மூன்று மொழிகளில் ஓதிவைப்பவன் நான். எனக்காக ஒன்று செய்தது அன்றுதான்.

பிறகு வாங்கியது உனக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரிலிருந்து மரப்பெட்டியில் வந்த ஆம்ப்ளிபயர் தனி, தட்டுச் சுழலும் மேடை தனி, புரொஜெக்டர் தனி. மூன்றுக்கும் பொதுவாக, இடுப்பளவு உயரமான தேக்குமரப் பெட்டிக்குள் ஒரு பெரிய ஸ்பீக்கர், அதன் தலைமேல் ஒரு சிறியது. கடைக்காரரையே வீட்டுக்கு வரவழைத்து, உன் கூடத்திலேயே பாடவைத்துக் கேட்டோம். கடையில் கேட்ட சத்தம் வீட்டில் வராது என்பது என் விதிகளில் ஒன்று. சிமெண்டுத் தரையில் சத்தம் எதிரொலித்தது. பாய் விரிக்கச் சொன்னேன். பெட்டியை மூலையில் வைத்தால் மிருதங்கம் பானைபோல் முழங்கியது; சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னேன். புரொஜெக்டரின் கடகடப்பு கேட்காமலிருக்க அதைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் ஜன்னல் வழியே படம் விழவைத்தோம்.

அதே தட்டு. நீ பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடினாய்.

"கம்பளி போர்த்தின மாதிரி இருக்குய்யா" என்றாய், என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும்.

"வீணைத் தந்தியில் விரல் வழுக்குவது தெரிகிறது. பாடுபவர் அடிக்கு முன் மூச்சை இழுப்பது தெரிகிறது. மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கின்றன" என்றேன்.

"மூச்சு இழுக்கிறதுமா?"

"அதுவும்."

நீ எழுந்து கடைக்காரரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, "முதல் தரம்! இதையே எடுத்துக்கிறேன்" என்றாய். உள்ளேயிருந்து சிவகாமி, "பெட்டி என்ன இவ்ளோ பெருசு? இதுக்குள்ள ஆளையே படுக்க வைக்கலாம் போல" என்றாள். "உன் அண்ணனைப் படுக்க வைப்போம். நல்லாப் பாடுவாரு" என்று என்னைக் காட்டினாய். அவள் சிரித்தாள். உன் காதுக்கு மங்கிப்போன ஒன்றை, அவள் அறியாமலிருக்க, முழு மனதோடு வாங்கினாய்.

சனிக்கிழமைகள் அப்படித் தொடங்கின. படச்சுருள்களை வாடகைக்குத் தருவித்தாய். வீடு காஜா பெராங்கில். செட்டி கம்பம் என்ற குடியிருப்பு எட்டிய தூரத்தில். அவர்களைக் கூப்பிடாமல் எப்படி என்றாய். நம் சாமிகளைக் கும்பிட்டு, நம் பொங்கலைக் கொண்டாடி, மலாய் மட்டுமே பேசும் அந்த மக்கள் பாய்களில் வந்து உட்கார்ந்தார்கள். முதல் படத்தின் முதல் வசனத்திலேயே அவர்களில் ஒருவரான சூப்பையா பிள்ளை என் பக்கம் திரும்பி, "அபா டியா சாக்காப்?" என்றார். என்ன சொல்கிறான் என்று கேட்டவருக்குச் சொன்னேன். பின்வரிசையினர் தங்களுக்கும் சொல்லுமாறு கேட்டனர். எழுந்து நின்று, நீதிமன்றக் குரலில், ஒவ்வொரு வசனத்தையும் மலாயில் சொல்லத் தொடங்கினேன். அன்று முதல் அது என் கடமையாயிற்று. நான் நிற்கும் இடத்தின் இடப்புறம், உன் வலக்காது என் பக்கம் இருக்கும்படி, உன் நாற்காலியைப் போட்டுக்கொண்டாய். என் குரல் தாழ்ந்த குரல். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்பவன். நடிகர்கள் கைவிட்ட இடத்தில் நான் உனக்குக் கேட்டேன். தமிழ்ப் படத்தை நீ என் மலாயில் பார்த்துக்கொண்டிருந்தாய். செட்டி மக்களைக் கூப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணமென்று நான் அறிந்துகொண்டதை நீயும் அறிந்திருந்தாய்.

பாட்டு வந்தால் நான் நிறுத்திவிடுவேன். பாட்டை மொழிபெயர்க்க முடியாது என்பது என் கருத்து. நீ விடவில்லை.

"பாட்டு வந்தா ஏன்யா வாயை மூடிக்கிறே?"

"வார்த்தையைச் சொன்னால் பாட்டு போய்விடும்."

"வார்த்தையை யாரு கேட்டா? என்ன நடக்குதுன்னு சொல்லு. வீணை எப்ப வருது, அவ எங்க ஏறுறா, எங்க இறங்குறா. சொல்லு."

சூப்பையா பிள்ளைக்கு அது பெரும் வேடிக்கை. 'காதில் கேட்பதையே எங்களுக்குச் சொல்கிறாரே, நாளைக்கு மழை பெய்தால் மழை பெய்கிறது என்பார்' என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். நான் சொன்னேன். இப்போது குழல் தனியாக, இப்போது குரல் குழலைத் தொடுகிறது, மேலே போய் நிற்கிறது, மிருதங்கம் காத்திருக்கிறது. ஒலிக்கு வாக்கியம் கட்டுவது அப்படிக் கற்றுக்கொண்ட வேலை.

அந்தக் கருவியின் முகப்பில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்றைத் திருப்பினால் தாழ்ந்த ஒலி கூடும். மற்றதைத் திருப்பினால் கூரிய ஒலி கூடும். உன் வீட்டில் அதற்குக் கீச்சுக் குமிழ் என்று பெயர். நான் இரண்டையும் நடுக்கோட்டில் வைத்தேன். அடுத்த வாரம் வந்தால் கீச்சுக் குமிழ் வலக்கோடிக்குப் போயிருந்தது. பிள்ளைகளின் வேலையென்று நடுவில் வைத்தேன். மறு வாரமும் வலக்கோடி. சரியான இடம் எதுவென்று தெரிவதற்காக வெள்ளைச் சாயத்தால் புள்ளி வைத்தேன். அப்படியும் நின்றபாடில்லை. ஒரு நாள் மாலை நீ ஆலையிலிருந்து வருமுன் நான் வந்துவிட்டேன். குமிழில் கை வைத்தபோது பின்னால் சிவகாமி நின்றாள்.

"அண்ணே, பசியாறிட்டீங்களா?"

"ஆயிற்றம்மா. இதை யார் திருப்புகிறார்கள் என்றே தெரியவில்லை."

"நான்தான்."

குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

"அவரு தனியா உக்காந்து கேக்குறப்ப திருப்பி வைப்பேன். நீங்க வந்து இறக்கிர்றீங்க. நான் ஏத்த, நீங்க இறக்க." சிரிக்க முயன்றாள். "உங்களுக்கும் தெரியும்லா அண்ணே. தெரியாமலா பாட்டுக்கெல்லாம் விளக்கம் சொல்றீங்க?"

உனக்குச் செய்த சத்தியம் இருந்தது. அவளும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

"படத்துல அவரு எப்பச் சிரிக்கிறாருன்னு பாத்தீங்களா? நம்ம ஆளுங்க சிரிச்சு ஓய்ஞ்சப்புறம், செட்டி ஆளுங்களோட சேர்ந்து சிரிக்கிறாரு. ஒரு வாட்டி இல்ல, எல்லா வாட்டியும். அன்னைக்கு முடிவா தெரிஞ்சுது. அதுக்கு முன்னாலயே பாதி தெரியும். நான் பாட ஆரம்பிச்சப்புறமும் எப்ப ஆரம்பிப்பேன்னு என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பாரு."

ஆர்மோனியம் அவளுக்குப் பின்னால் திறந்திருந்தது. தீக்குச்சி வழக்கமான கட்டையில் இல்லை. இடப்புறம் தள்ளி, தாழ்ந்த கட்டை ஒன்றில் செருகியிருந்தது. சில மாதங்களாக அவள் சுருதி இறங்கி வருவதை நான் கவனித்திருந்தேன். கேட்டதற்கு, தொண்டைக்கு வயதாகிறது என்று சொல்லியிருந்தாள். இப்போது நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"கீழ பாடினா கேக்குது போல. அன்னைக்குத் தலையாட்டுனாரு. நெசமா ஆட்டுனாரு."

"சொல்லிவிட வேண்டியதுதானே அம்மா?"

"சொன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவரு வந்து உக்காரவே மாட்டாரு. உக்காந்தாத்தான் நான் பாட முடியும்." முந்தானையால் ஆர்மோனியத்தைத் துடைத்தாள். "அவருகிட்ட சொல்லிராதீங்க அண்ணே. எம்மேல சத்தியம்."

ஒருவர் சொல்வதை மற்றவரிடம் கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பது என் தொழில். அதற்காகவே நீதிமன்றத்தில் எனக்கு இடம். உங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு சத்தியங்களோடு உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு சொல் கூடப் போகவில்லை. அவளுக்காக நீ மறைத்தாய். உனக்காக அவள் மறைத்தாள். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அடுத்த படம் முதல், சுருள் வந்ததும் வெள்ளிக்கிழமையே தனியாக ஓட்டிப் பார்த்து, வேடிக்கைப் பேச்சுகள் எங்கெங்கே வருகின்றன என்று தெரிந்துகொண்டேன். சாட்சி வாய் திறக்குமுன் மொழிபெயர்ப்பாளன் பேசக் கூடாது. அதுவரை நான் மீறாத விதி. சனிக்கிழமை, நடிகன் வாயைத் திறக்கும்போதே மலாயில் சொல்லி முடித்தேன். செட்டி மக்கள் முதலில் சிரித்தார்கள். அவர்களோடு நீ சிரித்தாய். அதே நொடியில் தமிழர்களும் சிரித்தார்கள். கூடமே ஒன்றாகச் சிரித்தது.

"கோர்ட்டாரே, முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடியே சொல்லாதீங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நீயும் திரும்பி, "என்னலா ஆச்சு உனக்கு இன்னைக்கு?" என்றாய். அடுக்களை வாசலில் நின்ற சிவகாமி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று எனக்கு இரண்டாம் முறை காப்பி வந்தது.

சுதந்திரம் வந்த அன்று காலை, வானொலியை அந்தப் பெரிய பெட்டியில் இணைத்தாய். தெருவே உன் வாசலில் கூடியது. கோலாலம்பூரில் கூடியிருந்த கூட்டத்தின் முழக்கம் எழுந்தபோது நீ எழுந்து போய்ப் பெட்டியின்மேல் கையை வைத்தாய். எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள், உன்னைக் கவனித்தவர்கள் இருவர்தான். கையை எடுக்காமல் என்னைப் பார்த்து, "கையில வருதுய்யா!" என்றாய். "அத்தனை ஜனமும் கையில வருது!"

அந்தத் தகரக்குரல் பெட்டியை வாங்கியிருந்தால், கூரிய ஒலிகள் முழுவதும் போன நாளில் உனக்கு மிச்சமென்று எதுவும் இருந்திருக்காது. மரத்தை நடுங்கச் செய்யும் தாழ்ந்த ஒலி அதில் கிடையாது. விதிப்படி தேர்ந்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அறியாமலே உன் கைக்காகத் தேர்ந்திருக்கிறேனோ என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு தட்டுப் போடும்போதெல்லாம் பெட்டியை அணைத்தாற்போல் உட்கார்ந்து, உள்ளங்கையை மரத்தில் பதித்து, மிருதங்கத்தைக் கேட்டாய். 'தூசி துடைக்கிறேன்' என்பாய் சிவகாமியிடம். அவளும், "நல்லாத் துடைங்க, மூலையில இருக்கு" என்பாள்.

ஆர்மோனியமும் பெட்டியின் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது. இடம் மாற்றியது அவள்தான். எலி வருகிறது என்று காரணம் சொன்னாள். அதன் பலகையின்மேல் நீ முழங்கையை ஊன்றிக்கொள்வாய். தீக்குச்சி இன்னொரு கட்டை இடப்புறம் போனது. அவள் குரலுக்கு அது மிகவும் தாழ்வு. சில எழுத்துகள் வெறும் காற்றாக வந்தன. எனக்குக் கேட்க வருத்தமாக இருந்தது. நீ தலையாட்டினாய். முழங்கையில் சுருதியும் கண்ணில் அவள் வாயும். எதை எதோடு சேர்த்து நீ கேட்டாய் என்பது எனக்குத் தெரியாது. பொய்யாக ஆட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

நீ போனது காதால் அல்ல, நெஞ்சால். ஆலையில் மாலை வேலை முடியுமுன். மருத்துவமனைக்கு நான் வந்து சேர்ந்தபோது சிவகாமி உன் தலைமாட்டில் குனிந்திருந்தாள். உன் வலக்காதில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். பாடிக்கொண்டிருந்தாள். நீ போய்விட்டாய் என்று யாரும் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லும் வேலை எனக்கு வந்தது. அந்த ஒரு முறை, எந்த மொழியிலும் எனக்கு வாக்கியம் அமையவில்லை.

அதன் பிறகு அவள் பாடவில்லை. விளக்கு எரிந்தது, ஆர்மோனியம் மூடிக் கிடந்தது. நீ எதற்கு அஞ்சினாயோ அது நடந்தது. நீ நினைத்த காரணத்தால் அல்ல.

திதி முடிந்து, சாப்பிட்டவர்கள் எல்லாரும் போன பின், அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அவரும் உங்ககிட்ட சத்தியம் வாங்கியிருப்பாருதானே அண்ணே?" என்றாள். ஆம் என்றேன். முதன்முறையாக. "என்னத்துக்குன்னு சொல்லுங்க." சொன்னேன். நீ காப்பிக் கடையில் சொன்ன சொற்களை, கூட்டாமல் குறைக்காமல். தெரிஞ்சா அவ பாடுறதை நிறுத்திருவா. கேட்டு முடித்த பிறகு, "நான் சொன்னதையும் அவருகிட்ட சொல்லிருங்க. இனிமே சத்தியம் இல்ல" என்றாள். எப்படிச் சொல்வதென்று நான் கேட்கவில்லை. மூன்று மொழிகள் தெரிந்தவன் ஏதாவது வழி கண்டுபிடிப்பான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

ஆகவே, நண்பா, செய்தி இது. அவளுக்குத் தெரியும். நீ சிரித்த நேரத்தை வைத்துத் தெரிந்துகொண்டாள். அவள் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுருதியை இறக்கியது உனக்காக. நீ கேட்பதுபோல் உட்கார்ந்தாய், அவள் அறியாததுபோல் பாடினாள். இருவரும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் இரண்டு பக்கமும் கேட்டவன். சாட்சியாகச் சொல்கிறேன்.

உன்னால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைக் கேட்டாலும், பக்கத்தில் இருப்பவரின் வலக்காதுக்குச் சொல்வதுபோல், மனத்துக்குள் ஒரு வாக்கியம் அமைந்துவிடுகிறது. தகரக் கூரையில் மழைக்கு, ஆற்றுப் படகின் எஞ்சினுக்கு, வழக்கு மன்றத்தில் யாரோ செருமுவதற்குக்கூட. விட முயன்றேன், முடியவில்லை. இப்போது விட விரும்பவுமில்லை.

நேற்று மாலை காஜா பெராங்குக்குப் போனேன். உள்ளே நுழையுமுன்னே கேட்டது; வாசலிலேயே நின்றுவிட்டேன். உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆர்மோனியத்தின் துருத்தியில் எங்கோ ஓட்டை; சுருதிக்கு அடியில் சீறல் ஒன்று இருக்கிறது. முதல் அடியை இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் நிறுத்தினாள். மூன்றாவது முறை போனது. மூச்சு பாதியில் தீர்ந்து, அடியின் நடுவிலேயே இழுத்துக்கொண்டாள், அது கேட்டது. மேலே ஏறும் இடத்தில் குரல் சற்று நடுங்கி, நின்றுகொண்டது. அவசரப்படவில்லை. பழைய சுருதிக்கு அவள் திரும்பவில்லை. உனக்குக் கேட்கும் அந்தத் தாழ்ந்த கட்டையிலேயே பாடுகிறாள். இப்போது கடைசி அடி.